இரண்டாவது கேள்வி வரும்வரை கேளுங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். சிங்கப்பூருக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. காலையில் பேருந்தில் போகும்போது இங்குள்ள தமிழ் வானொலியான ஒலி 96.8 கேட்கிறீர்கள். பாட்டுக்கு நடுவே யாரையாவது அழைத்து வைத்துப் பேசுகிறார்கள்: ஒருநாள் மருத்துவர், ஒருநாள் சங்கத் தலைவர், ஒருநாள் நாடகம் போடுகிறவர், எப்போதாவது ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். இதையெல்லாம் மெனக்கெட்டுக் கேட்பதில் பயன் உண்டா, அரசியல் என்று ஏதாவது உண்மையில் பேசப்படுகிறதா என்பது உங்கள் சந்தேகம். அதோடு, உங்கள் வட்டார இந்திய நற்பணிச் செயற்குழு நடத்தும் பொங்கல் விழாவைப் பற்றி வானொலியில் பேச உங்களையே அழைத்திருக்கிறார்கள். எப்படித் தயாராவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் எதைக் காதில் வாங்க வேண்டும் என்று தெரிந்து கேட்க வேண்டும். இந்த மாதிரி நேர்காணல்களில் கேட்பவனாகவும் பதில் சொல்பவனாகவும் பல வருடம் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முதல் கேள்விக்கு எல்லாரும் வீட்டிலேயே பதில் தயார் செய்துகொண்டு வருவார்கள். ஆள் யார், அவர் வாழ்க்கை என்ன என்பது இரண்டாவது கேள்வியில்தான் வெளியே வரும். நல்ல நேர்காணலையும் வெறும் அறிவிப்பையும் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

ஒன்றைச் சொல்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பேச வந்திருந்தார். எண்பதை நெருங்கிய வயது, வெள்ளைச் சட்டை, மேல் பித்தான்வரை போட்டிருந்தார். பேட்டி எடுத்தவர் இருபத்தைந்து வயதுப் பெண். "ஐயா, அந்தக் காலத்துல தஞ்சோங் பகார் எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பித்தார். "ரொம்பக் கஷ்டம்மா. இப்ப எல்லா வசதியும் இருக்கு. அரசாங்கத்துக்கு நன்றி சொல்லணும்" என்றார் பெரியவர். அத்தோடு முடித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பெண் போகவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலையில எந்திரிச்சதும் முதல்ல என்ன சத்தம் கேக்கும் ஐயா?" என்று கேட்டார்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாளிச் சத்தம்தான். பொதுக் குழாயில விடியிறதுக்கு முன்னாடியே வாளி வரிசை போட்டுடுவாங்க. எழுந்து போய் நிக்காதவன் வாளி பின்னால போயிடும். எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால வாளிக் கைப்பிடியில சிவப்புத் துணி கட்டி வச்சிருப்பாங்க. அந்தத் துணியைப் பாத்தாதான் எனக்கு இது நம்ம வாளின்னு தெரியும். அப்புறம் சங்கு ஊதுறதுக்குள்ள கேட்டுக்குப் போகணும். போகலைன்னா அன்னைக்குக் கூலி இல்ல."

இதில் என்னவெல்லாம் இருக்கிறது, பாருங்கள். குடிநீர் வசதி, பெண்களின் எழுத்தறிவு, அன்றாடக் கூலி முறை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. தென்காசி, கடையநல்லூர் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அடர்த்தியாக வாழ்ந்தார்கள், கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். வாளியில் கட்டிய சிவப்புத் துணி கிடைக்காது. அது வானொலியில் ஒருவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு.

இனி இந்த வானொலியின் பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே எது பேசப்படுகிறது, எது பேசப்படுவதில்லை என்பது அதில்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் முறையான ஒலிபரப்பு 1937இல் கால்டிகாட் குன்றில் தொடங்கியது. போருக்குப் பிறகு ரேடியோ மலாயா, 1959இல் ரேடியோ சிங்கப்பூர், 1980இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்து இன்று மீடியாகார்ப் நிறுவனத்தில் நிற்கிறது. நிலையமும் கால்டிகாட்டை விட்டு ஒன்-நார்த்துக்கு வந்துவிட்டது. பெயர் எத்தனை மாறினாலும் ஒன்று மாறவில்லை: வானொலி இங்கே பாட்டுப் பெட்டியாக மட்டும் இருந்ததே இல்லை. நம் எஸ். ராஜரத்தினம் அமைச்சராவதற்கு முன்பே, 1957இல், இங்கே ஒரு தேசம் எப்படி உருவாக வேண்டும் என்பதைப் பற்றி வானொலிக்கு எழுதினார். 1959இல் கலாசார அமைச்சரானதும் வானொலி அவர் பொறுப்பிலேயே வந்தது. 1961இல் மலாயாவுடன் இணையலாமா வேண்டாமா என்ற பெரிய விவாதத்தை லீ குவான் இயூ மக்களிடம் கொண்டுபோனதும் வானொலி வழியாகத்தான். செப்டம்பர், அக்டோபரில் ஒரு மாதத்துக்குள் 12 உரைகள், ஒவ்வொன்றும் ஆங்கிலம், மலாய், மாண்டரின் என்று மூன்று மொழிகளில்.

தமிழ்ப் பக்கம் நாடகம்தான் ரொம்ப நாள் அந்த வேலையைச் செய்தது. புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன் வானொலியில் பணியாற்றியவர், 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறிய தமிழ்க் குடும்பங்களின் பாடுகளை அவர் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்ற தொடரில் வானொலிக்குக் கொண்டுவந்தார். ஜனங்கள் அதில் தங்கள் வீட்டையே கேட்டார்கள். இன்றைக்கு நேர்காணல் அந்த இடத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் தொலைக்காட்சி உள்ள வீடுகள் வருடத்துக்கு 110 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உரிமக் கட்டணம் கட்டின. 2011இல் அது ரத்தானது. இப்போது பொதுச் சேவை நிகழ்ச்சிகளுக்கு அரசாங்க நிதி போகிறது, மீடியாகார்ப்போ அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்குச் சொந்தமானது. அதனால் அமைச்சரை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்யும் பேட்டியை எதிர்பார்த்துக் கேட்டீர்களானால் ஏமாந்துபோவீர்கள். கட்சி அரசியலுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. பொதுத் தேர்தலில் குறைந்தது 6 வேட்பாளர்களை நிறுத்தும் கட்சிக்கு அரசியல் ஒலிபரப்பில் நேரம் கிடைக்கும், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பேசலாம். வாக்களிப்புக்கு முந்திய நாள் பிரசார ஓய்வுநாள், அன்றைக்குப் பிரசாரம் கூடாது. 2011 தேர்தலிலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. தேர்தல் சமயத்தில் அந்தத் தமிழ் அரசியல் உரைகளைத் தவறாமல் கேளுங்கள். ஒவ்வொரு கட்சியும் தமிழில் பேச யாரை அனுப்புகிறது, அவர் எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாரா, தானாகப் பேசுகிறாரா என்பதிலேயே எவ்வளவோ தெரிந்துவிடும்.

மற்ற நாட்களில்? மற்ற நாட்களில் அரசியல் வேறு வேடத்தில் வரும். வீடு, பள்ளி, மொழி, வேலை, திருவிழா என்று வரும். இதைத்தான் நீங்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறீர்கள் என்று உங்கள் கேள்வியைப் படித்ததும் தோன்றியது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடுகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு உண்டு. ஒரே இனம் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம், நானும் அதை மதிக்கிறேன். சரி, ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வரும் ஆட்கள் குறைவு. விலையும் அதற்கேற்ப இறங்கும். இதைப் பற்றிய பேட்டியில் முதல் கேள்வி, "இந்தக் கொள்கையை எப்படிப் பார்க்கிறீங்க?" என்று இருக்கும். "நல்லிணக்கத்துக்கு ரொம்ப அவசியம்" என்ற பதில் வரும். "நீங்க வீட்டை விற்கப் போட்டு எத்தனை மாசம் காத்திருந்தீங்க? அந்த மாசங்கள்ல வீட்டுல என்ன பேசிக்கிட்டீங்க?" என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு வரும் பதில் முழுக்க முழுக்க அரசியல். அதில் ஒரு கட்சியின் பெயரும் இருக்காது, ஒரு கோபச் சொல்லும் இருக்காது. நீண்ட காலமாக விற்க முடியாமல் இருப்பவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் உதவி 2022இல் அறிவிக்கப்பட்டது. இந்தச் சிக்கலைச் சாதாரண மனிதர்கள் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லிவந்ததற்கும் அதில் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

தைப்பூசமும் அப்படித்தான். 1968 வரை அது பொது விடுமுறை. 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல் பாதையோரம் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இதைப் பண்பாட்டுச் செய்தி என்பீர்களா, அரசியல் செய்தி என்பீர்களா? தவில் வாசிக்கிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் இரண்டும் ஒன்றாகவே வந்து விழும்.

2020ஐ மறக்க முடியாது. ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட் கிருமிப் பரவலைத் தடுக்கும் முறியடிப்புத் திட்டம் தொடங்கி ஊரே அடங்கிப்போனது. தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு அறையை விட்டு வெளியே வரமுடியாத நாட்கள். அவர்களில் எவ்வளவோ பேர் தமிழர்கள். பரிசோதனை என்றால் என்ன, சம்பளம் வருமா, ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவது என்று புரிகிற மொழியில் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், புதுக்கோட்டைக்காரர், கட்டடத் தொழிலாளி, பிறகு ஒருநாள் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் உள்ள தேக்காவில் டீ குடிக்கும்போது சொன்னார்: "அண்ணே, ரூமுல 12 பேர். ஒரு போன்ல ரேடியோ போட்டு நடுவுல வச்சிருப்போம். டாக்டர் தமிழ்ல பேசினா யாரும் மூச்சு விடமாட்டோம்." அந்த 12 பேருக்குப் பாட்டை விட டாக்டரின் பேட்டி முக்கியமாக இருந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, என் மனசுக்கு மிக நெருக்கமானது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5 விழுக்காடு. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று நம் மொழி, நாடாளுமன்றத்தில்கூடத் தமிழில் பேசலாம். ஆனாலும் வீட்டுக்குள் அது சுருங்கிக்கொண்டு வருகிறது. செய்தியறிக்கை எழுத்துத் தமிழில் இருக்கும். அது தேவை, அழகும்கூட. ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, "இது பரீட்சைத் தமிழ்" என்று ஒதுங்கிவிடுகிறது. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளிகளில் பேச்சுத் தமிழுக்கு முக்கியத்துவம் கொடுத்ததே இதற்காகத்தான். ஓய்வுகாலச் சேமிப்பான மத்திய சேம நிதியை (மசேநி) பற்றி, முதுமை மறதியைப் பற்றி, பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பேச்சுத் தமிழில், தடுமாற்றம் இல்லாமல், பத்து நிமிடம் பேச முடியும் என்பதை அந்தப் பிள்ளை வேறு எங்கே கேட்கும்? தாத்தாவிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறது, டீச்சரிடம் பாடத்தைப் பற்றிப் பேசுகிறது. பெரிய விஷயத்தைச் சாதாரணத் தமிழில் பெரியவர்கள் பேசிக் கேட்பதற்கு இந்த நேர்காணல்களை விட்டால் இடம் குறைவு.

சொல்வளமும் அப்படித்தான் பரவுகிறது. வீவக, மசேநி, சமூக மன்றம், குழுத்தொகுதி, முழுமைத் தற்காப்பு என்று இங்கே நாம் புழங்கும் சொற்கள் தமிழ் முரசு நாளிதழிலும் வானொலியிலும் நாள்தோறும் காதிலும் கண்ணிலும் பட்டுப் பட்டுத்தான் நம் வாய்க்கு வந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த உங்களுக்கு ஆரம்பத்தில் இவை அந்நியமாக இருந்திருக்கும். இப்போது நீங்களே உங்கள் கடிதத்தில் ‘நற்பணிச் செயற்குழு’ என்று இயல்பாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும், நீங்கள் கேள்வி கேட்பவராக இல்லாமல் பேசுகிறவராகப் போனாலும் உங்களுக்கு உதவும். பல வருடத்துக்கு முன்னால், தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவைப் பேட்டி எடுத்தேன். முதன்முதலில் ஒரு நோயாளி இறந்த இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். நான்கைந்து வினாடிதான் ஆகியிருக்கும். வானொலியில் நான்கைந்து வினாடி மௌனம் என்றால் எனக்குக் கிணற்றில் விழுந்த மாதிரி இருந்தது. பதறிப்போய், "சரிம்மா, ஒரு பாட்டுக் கேட்டுட்டு வருவோம்" என்று சொல்லிவிட்டேன். பாட்டு முடிந்து கேட்டபோது அவர் வேறு எதையோ பேசினார். அந்த இரவு அப்படியே போய்விட்டது. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். பேச்சு நின்றால் விட்டுவிட வேண்டும். மௌனத்துக்குப் பின்னால் என்ன வருகிறதோ அதற்காகத்தானே ஆளைக் கூப்பிட்டோம்.

இனி உங்கள் பேட்டிக்கு வருகிறேன்.

முதலில், தயாரிப்பாளரிடம் நேரலையா, பதிவா, மொத்தம் எத்தனை நிமிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரலை என்றால் நடுவில் பாட்டு, விளம்பரம், செய்தி எல்லாம் வரும், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று துண்டுகள்தான். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பினால் படியுங்கள், ஆனால் பதிலை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். வாசிப்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும், பேருந்தில் கேட்கிறவர் அந்த நொடியே அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். விழா தேதி, இடம், நேரம் மூன்றை மட்டும் ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சொல்லுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், நேராக வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். காரணம் நம் மொழியின் ‘ப’தான். பொங்கல், பானை, பால், பச்சரிசி என்று நீங்கள் பேசப் போகும் சொற்கள் எல்லாமே ‘ப’வில் ஆரம்பிக்கின்றன, ஒவ்வொன்றும் மைக்கில் காற்றாக மோதும். கைவளையல் போட்டிருந்தால் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். மேசையில் வளையல் படும் சத்தம் கேட்பவருக்கு இடி மாதிரி விழும். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், ஐஸ் போட்டது வேண்டாம்.

மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். தமிழ்ச் சொல் நினைவுக்கு வராவிட்டால் அதைத் தேடிக்கொண்டு நிற்காமல், அது என்ன என்று விளக்கிச் சொல்லிவிட்டு நகருங்கள். அறிவிப்பாளர் எடுத்துக்கொடுப்பார், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது. "ஏன் பொங்கல் கொண்டாடுறீங்க?" என்று கேட்டால் உழவு, சூரியன், நன்றி என்று ஆரம்பித்துவிடுவீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், கேட்பவருக்கும் அது மனப்பாடம். அதை ஒரு வரியில் முடித்துவிட்டு உங்கள் புளோக்கில் நடந்ததைச் சொல்லுங்கள். போன வருடம் கீழ்த்தளத்தில் பானை வைத்தபோது பத்தாவது மாடியிலிருந்து ஒரு சீன ஆன்ட்டி இறங்கி வந்து, பால் பொங்கி வழிவதைப் பார்த்துப் பதறி அடுப்பை அணைக்கப் போனார் என்று எழுதியிருந்தீர்களே, பிறகு அவரே ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல் வாங்கிப்போய், மறுநாள் அந்தத் தட்டில் ஆரஞ்சுப் பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார் என்று. அந்த ஆரஞ்சுப் பழத்தைச் சொல்லுங்கள். சமூக நல்லிணக்கம் என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டியிருக்காது.

பேட்டி முடிந்ததும் அதன் பதிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வானொலியில் சொன்னது காற்றோடு போய்விடும், அது அதன் இயல்பு. நிதானமாகக் கேட்டுப் பழக வேண்டுமென்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்துக்குப் போங்கள். 1979 முதல் பதிவு செய்துவருகிறார்கள், தமிழிலும் நேர்காணல்கள் இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். அங்கே ஒருவரிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். கேள்வி கேட்பவர் அவசரப்படமாட்டார். ஜப்பானியர் காலத்தைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்டுவிட்டு மறுநாள் காலை வானொலிப் பேட்டியைக் கேட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று உங்களுக்கே காதில் தட்டும். உங்கள் மாமனார் செம்பவாங்கில் கடற்படைத் தளத்தில் இருந்தவர் என்று சொன்னீர்கள். பிரிட்டிஷார் 1971இல் போனபிறகு அவர் என்ன செய்தார் என்று போனை நடுவில் வைத்துக் கேளுங்கள். முதல் பதிலோடு எழுந்துவிடாதீர்கள்.

உங்கள் பேட்டி எந்த நாள், எத்தனை மணிக்கு என்று தெரிந்ததும் எழுதுங்கள், கேட்கிறேன். விழா முடிந்தபிறகு அந்தப் பெரிய பானைகளை யார் கழுவினார்கள் என்று அறிவிப்பாளர் கேட்காமல் விட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள்.